நெடுஞ்சாலைப் போக்குவரத்து சிமுலேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஓடும் விதத்தைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது குறித்துப் பொறியியல் மாணவர்களும், சாலைத் திட்ட அறிக்கைகளைப் படிக்க நேர்பவர்களும் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆகவே, அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு விடையில் சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் சுட்டியிருப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

1. சிமுலேஷன் என்பது வீடியோ கேம் மாதிரி திரையில் கார்களை ஓடவிடுவதுதானே?

திரையில் ஓடும் கார்கள் காட்சிக்காக மட்டுமே. உள்ளே நடப்பது கணக்கு. ஒவ்வொரு வாகனத்துக்கும் அது சாலையில் இருக்கும் இடம், அதன் வேகம், அதன் நீளம் ஆகியவை எண்களாக வைக்கப்பட்டிருக்கும். ஒரு விநாடிக்கு ஒருமுறையோ, பத்தில் ஒரு விநாடிக்கு ஒருமுறையோ, முன்னால் செல்லும் வாகனத்தைப் பொறுத்து ஒவ்வொன்றின் புதிய வேகத்தையும் இடத்தையும் ஒரு விதி கணக்கிடும். பல்லாயிரம் வாகனங்களுக்கு இப்படிச் செய்து, பயண நேரம் எவ்வளவு, வரிசை எத்தனை மீட்டர் நீண்டது, மணிக்கு எத்தனை வாகனங்கள் கடந்தன என்பவற்றைப் பெறுவதே நோக்கம். வேலையில் பழகியவர்கள் பெரும்பாலும் காட்சியை அணைத்துவிட்டே ஓட்டுவார்கள், விரைவாக முடியும்.

2. சாலையோரம் நின்று வண்டிகளை எண்ணினால் போதாதா? கணினி எதற்கு?

எண்ணிக்கை அவசியம்தான், ஆனால் அது மட்டும் போதாது. போக்குவரத்தை விவரிக்க மூன்று அளவுகள் வேண்டும்: ஒரு கிலோமீட்டரில் எத்தனை வாகனங்கள் இருக்கின்றன என்னும் அடர்த்தி, அவற்றின் சராசரி வேகம், ஓரிடத்தை மணிக்கு எத்தனை வாகனங்கள் கடக்கின்றன என்னும் பாய்வு. அடர்த்தியை வேகத்தால் பெருக்கினால் பாய்வு கிடைக்கும். கிலோமீட்டருக்கு 20 வாகனங்கள் 90 கி.மீ. வேகத்தில் ஓடினால் பாய்வு மணிக்கு 1800. கிலோமீட்டருக்கு 90 வாகனங்கள் 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தாலும் அதே 1800தான். சாலையோரம் நின்று எண்ணியவரின் தாளில் இரண்டு நாள்களும் ஒரே எண்ணாகப் பதிவாகும். ஓட்டுநருக்கோ ஒரு நாள் சுகமான பயணம், மறுநாள் அவதி.

இந்த அளவுகளுக்கு இடையே உள்ள தொடர்பை முதன்முதலாக முறையாக அளந்தவர்களில் ஒருவர் அமெரிக்கரான புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ். 1930-களில் ஒஹாயோ மாநிலத்தில் சாலையைத் தொடர்ச்சியாகப் படம் எடுத்து, அடர்த்தி கூடக் கூட வேகம் நேர்கோட்டில் குறைகிறது என்று அவர் முடிவுசெய்தார். அந்த நேர்கோடு மிகவும் எளிமைப்படுத்தப்பட்டது என்றாலும், பாடநூல்கள் இன்றும் அதிலிருந்தே தொடங்குகின்றன. இனி கட்டப்போகும் லேனையோ, பராமரிப்புக்காக அடுத்த மாதம் மூடப்போகும் லேனையோ யாராலும் நின்று எண்ண முடியாது என்பது கணினி தேவைப்படுவதற்கான இன்னொரு காரணம்.

3. குழாயில் தண்ணீர் ஓடுவதைப் போலத்தானே இதுவும்? நீரோட்டச் சமன்பாட்டையே போட்டுவிடலாமே?

போட்டிருக்கிறார்கள். 1955-இல் இங்கிலாந்தில் லைட்ஹில், விட்ஹம் இருவரும், 1956-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட்ஸ் தனியாகவும், வாகனங்கள் இடையில் தோன்றுவதோ மறைவதோ இல்லை என்ற ஒரே நிபந்தனையைக் கொண்டு சாலைக்கான அலைச் சமன்பாட்டை எழுதினார்கள். வரிசையின் வால் எந்த வேகத்தில் பின்னோக்கி வளரும், தடை நீங்கிய பிறகு எப்போது கரையும் என்பதை இச்சமன்பாடு நன்றாகவே சொல்கிறது. சாலையைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி இதைக் கணினியில் எளிதாகத் தீர்க்கும் முறையை 1994-இல் கார்லோஸ் டகன்சோ வெளியிட்டார். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வலையமைப்புக்கு இவ்வகை மாதிரிகளே இன்றும் சிக்கனமானவை.

ஆனால், ஒரு சிறு தடுமாற்றம் தானாகவே வளர்ந்து பெரிய நெரிசலாவதை இந்தச் சமன்பாட்டின் அடிப்படை வடிவம் காட்டாது. முன்னால் போகிறவரைப் பார்த்து, சற்றுத் தாமதமாகவும் சற்றுக் கூடுதலாகவும் எதிர்வினை காட்டும் பழக்கம் தண்ணீருக்கு இல்லை. அந்தப் பழக்கம்தான் முக்கியம் என்றால், வாகனங்களைத் தனித்தனியாகக் கணக்கிடும் நுண்மாதிரிகளுக்கு வர வேண்டும்.

4. எப்போது பிரேக் பிடிக்க வேண்டும், எப்போது வேகம் கூட்ட வேண்டும் என்று ஒவ்வொரு காருக்கும் யார் சொல்லித்தருகிறார்கள்?

முன்வாகனத்தைப் பின்தொடரும் விதியே அதைச் சொல்கிறது. 1950-களின் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள், சோதனைத் தடத்தில் இரண்டு கார்களை ஒரு கம்பியால் இணைத்து, இடைவெளி மாறும்போது பின்னால் இருப்பவர் எவ்வளவு நேரம் கழித்து, எவ்வளவு அழுத்தமாக எதிர்வினை காட்டுகிறார் என்று அளந்தார்கள். பின்வந்த விதிகளில் 1974-இல் ஜெர்மனியின் விடெமன் எழுதியதும், 1981-இல் கிப்ஸ் எழுதியதும் வணிக மென்பொருள்களில் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

கற்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, 2000-இல் டிரைபர், ஹென்னெக்கெ, ஹெல்பிங் மூவரும் வெளியிட்ட ஐ.டி.எம். எனப்படும் விதி. விரும்பும் வேகத்தை எட்ட வேண்டும் என்ற உந்துதலும், முன்வாகனத்தை நெருங்கிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் ஒன்றையொன்று இழுப்பதாக அது ஓட்டுநரை விவரிக்கிறது. அதற்கு ஐந்தே எண்கள் போதும். அவர்கள் முதலில் பயன்படுத்திய மதிப்புகள்: விரும்பும் வேகம் மணிக்கு 120 கி.மீ., முன்வாகனத்துடன் காக்கும் நேர இடைவெளி 1.6 விநாடி, நின்றுவிட்டாலும் விடும் இடைவெளி 2 மீட்டர், முடுக்கம் விநாடி வர்க்கத்துக்கு 0.73 மீட்டர், பிரேக் பிடித்து இயல்பாக வேகம் குறைக்கும் வீதம் அதே அலகில் 1.67 மீட்டர். ஒவ்வொரு எண்ணுக்கும் ஓட்டுநரின் நடத்தையில் நேரடியான பொருள் இருப்பதால், விடை தவறாக வரும்போது எந்த எண்ணைச் சந்தேகிக்க வேண்டும் என்பது தெரியும். இதைவிடத் துல்லியமான மாதிரிகள் உண்டு. இவ்வளவு நேர்மையான மாதிரிகள் குறைவு.

5. இவ்வளவு கணக்கு இல்லாமல், ஒரு பள்ளி மாணவர் எழுதக்கூடிய எளிய நிரல் உண்டா?

உண்டு. 1992-இல் நாகல், ஷ்ரெக்கன்பெர்க் என்ற இரு ஜெர்மானிய இயற்பியலாளர்கள் வெளியிட்ட மாதிரி அது. சாலை 7.5 மீட்டர் நீளமுள்ள கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு கட்டத்தில் ஒரு கார் இருக்கலாம், அல்லது காலியாக இருக்கலாம். வேகம் விநாடிக்கு இத்தனை கட்டங்கள் என முழு எண்ணாகவே இருக்கும். உச்சம் 5 கட்டங்கள், அதாவது மணிக்கு 135 கி.மீ.

விநாடிக்கு 3 கட்டங்கள் வேகத்தில் வரும் ஒரு காருக்கு முன்னால் 2 கட்டங்கள் மட்டுமே காலியாக இருப்பதாகக் கொள்வோம். முதல் விதிப்படி அது வேகத்தை ஒன்று கூட்டி 4 ஆக்கும். இரண்டாம் விதிப்படி, மோதாமலிருக்க 2 ஆகக் குறைக்கும். மூன்றாம் விதி ஒரு நிகழ்தகவுப்படி, காரணமே இல்லாமல் இன்னும் ஒன்று குறைக்கச் சொல்லலாம், குறைத்தால் 1. நான்காம் விதிப்படி அது ஒரு கட்டம் நகரும். இதே நான்கு விதிகள் எல்லாக் கார்களுக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும். அவ்வளவுதான் நிரல். அந்த மூன்றாம் விதியை நீக்கிவிட்டால் திடீர் நெரிசல்கள் தோன்றுவதே நின்றுவிடும். ஓட்டுநரின் கவனச் சிதறலையும் தயக்கத்தையும் அந்த ஒற்றை வரி தாங்கி நிற்கிறது.

6. விபத்து இல்லை, பள்ளம் இல்லை, சோதனைச்சாவடி இல்லை. ஆனாலும் எல்லாரும் நிற்கிறார்கள். காரணமே இல்லாமல் நெரிசல் வருமா?

காரணம் உண்டு, ஆனால் அதை ஓரிடத்திலோ ஒரு நபரிடமோ காட்ட முடியாது. இதை ஐயமறக் காட்டிய சோதனையை ஜப்பானில் சுகியாமா குழுவினர் 2008-இல் வெளியிட்டார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை நிறுத்தி, மணிக்குச் சுமார் 30 கி.மீ. வேகத்தில் சீராகச் சுற்றுமாறு ஓட்டுநர்களைக் கேட்டுக்கொண்டார்கள். குறுகலும் இல்லை, சிக்னலும் இல்லை. தொடக்கத்தில் சீராக ஓடிய கார்கள் சற்று நேரத்தில் நின்று நின்று செல்லத் தொடங்கின. நின்ற கார்களின் கூட்டம், கார்கள் செல்லும் திசைக்கு எதிராக, மணிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தில் வட்டத்தைச் சுற்றி வந்தது.

நடப்பது இதுதான். ஒருவர் சற்றே வேகம் குறைக்கிறார். இடைவெளி ஏற்கெனவே நெருக்கமாக இருப்பதால், பின்னால் வருபவர் அதைவிடச் சற்று அதிகமாகக் குறைக்க வேண்டியிருக்கிறது. அவருக்குப் பின்னால் இருப்பவர் இன்னும் அதிகமாகக் குறைக்கிறார். அடர்த்தி குறைவாக இருந்தால் இந்தத் தடுமாற்றம் வழியிலேயே தேய்ந்துவிடும். ஓர் எல்லையைத் தாண்டினால் காருக்குக் கார் பெருகும். மனிதர்கள் தாமதமாக எதிர்வினை காட்டுவதுதான் முழுக் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. கேள்வி 4-இல் சொன்ன ஐ.டி.எம். ஓட்டுநருக்கு எதிர்வினைத் தாமதமே கிடையாது, ஆனாலும் அங்கே நெரிசல் பிறக்கிறது. இழந்த வேகத்தை மீண்டும் எட்டுவதற்கு நேரம் பிடிப்பதே அதற்குப் போதும்.

7. வண்டிகள் முன்னால் போகும்போது நெரிசல் மட்டும் எப்படிப் பின்னால் போகிறது?

நின்றிருக்கும் வரிசையில் ஒரு கார் 5 மீட்டர், அதன் முன் இடைவெளி 2 மீட்டர், ஆக 7 மீட்டர். முதல் கார் கிளம்பி ஏறத்தாழ 1.6 விநாடி கழித்து அடுத்தது கிளம்புகிறது. எனவே நிற்கும் வரிசையின் தலை 1.6 விநாடிக்கு 7 மீட்டர் வீதம் பின்வாங்குகிறது. அது விநாடிக்கு 4.4 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 16 கி.மீ. உலகின் பல நெடுஞ்சாலைகளில் அளந்த அலைகளும் மணிக்கு 15 முதல் 20 கி.மீ. வரைதான் பின்னோக்கி நகர்கின்றன.

யாராவது ஒரு சிமுலேஷனைக் காட்டினால் நான் முதலில் கேட்பது இட-நேர வரைபடத்தை. கிடைக்கோட்டில் நேரம், செங்குத்துக்கோட்டில் தூரம், ஒவ்வொரு காருக்கும் ஒரு கோடு. கோடுகள் படுத்துக்கொள்ளும் இடங்களெல்லாம் சேர்ந்து, வலப்பக்கம் கீழிறங்கும் பட்டைகளாகத் தெரிந்தால் அவைதான் நெரிசல் அலைகள். அந்தப் பட்டைகளின் சரிவு மணிக்கு 15 முதல் 20 கி.மீ. என்ற வரம்பை விட்டு வெகுவாக விலகியிருந்தால், மற்ற முடிவுகளைப் படிக்கத் தேவையில்லை.

8. எந்த மென்பொருளில் தொடங்கலாம்? காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா?

தேவையில்லை. ஜெர்மன் விண்வெளி மையமான டி.எல்.ஆர். உருவாக்கிய சூமோ 2001 முதல் திறந்த மூல மென்பொருளாகக் கிடைக்கிறது. ஆலோசனை நிறுவனங்கள் ஜெர்மனியின் விஸ்சிம், பார்சலோனாவில் பிறந்த ஐம்சன் போன்ற வணிக மென்பொருள்களைப் பயன்படுத்துகின்றன. எதை எடுத்தாலும், கேள்வி 6-இல் உள்ள வட்டப் பாதையை முதலில் வரைந்து 22 கார்களை விட்டுப் பாருங்கள். அலை உருவாகிறதா, எந்த எண்ணை மாற்றினால் மறைகிறது என்று பார்ப்பது, கையேட்டின் முதல் பல பக்கங்களைவிட அதிகம் கற்றுத்தரும்.

9. ஒரு லேனில் மணிக்கு எத்தனை வண்டிதான் போக முடியும்? ஆளுக்கு ஒரு எண் சொல்கிறார்களே.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைக் கொள்திறன் கையேடு, மிக நல்ல நிலையிலுள்ள விரைவுச்சாலையில் ஒரு லேனுக்கு மணிக்கு 2400 கார்கள் என்கிறது. சிமுலேஷனில் இந்த எண் தானாக வருவதன்று. நேர இடைவெளியே அதைத் தீர்மானிக்கிறது. மணிக்கு 72 கி.மீ. என்றால் விநாடிக்கு 20 மீட்டர். நேர இடைவெளி 1.6 விநாடி என்றால் 32 மீட்டர். அதனுடன் 2 மீட்டரும் கார் நீளம் 5 மீட்டரும் சேர்த்து ஒரு காருக்கு 39 மீட்டர். மணிக்கு ஏறக்குறைய 1850 கார்கள். அதையே 1.2 விநாடி என்று வைத்தால் காருக்கு 31 மீட்டர். மணிக்கு 2320 கார்கள். வெறும் 0.4 விநாடி மாற்றத்தில் 470 கார்கள் கூடிவிட்டன. அறிக்கையில் நேர இடைவெளி என்ன வைத்தார்கள் என்பது எழுதப்படவில்லையென்றால், கொள்திறன் பற்றிய பத்தியைத் தாண்டிச் சென்றுவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. நெரிசல் ஒருமுறை உருவாகிவிட்டால், அதிலிருந்து வெளியேறும் பாய்வு, நெரிசலுக்கு முன்பிருந்த உச்சப் பாய்வைவிடக் குறைந்துவிடுகிறது. களத்தில் இந்த வீழ்ச்சி 5 முதல் 15 விழுக்காடு வரை அளக்கப்பட்டிருக்கிறது. இணைப்புச் சாலையில் சிக்னல் வைத்து வாகனங்களைச் சிறிது சிறிதாக விடுவதன் பயன் இதைத் தவிர்ப்பதில்தான் இருக்கிறது. இந்த வீழ்ச்சியைக் காட்டாத மாதிரியில் அந்த சிக்னல் வீண்வேலையாகவே தெரியும்.

10. லேன் மாறுவதைக் கணினி எப்படித் தீர்மானிக்கிறது?

இரண்டு வகையாக. வெளியேறும் வழியைப் பிடிக்கவோ, இணைப்பு லேன் முடிவதற்குள் பிரதான சாலையில் சேரவோ மாறுவது கட்டாய மாற்றம். மெதுவாகச் செல்லும் லாரியைத் தாண்ட மாறுவது விருப்ப மாற்றம். விருப்ப மாற்றத்துக்கு 2007-இல் வெளிவந்த மோபில் என்ற விதி, மாறுபவருக்குக் கிடைக்கும் ஆதாயத்தையும் பின்னால் வருபவருக்கு ஏற்படும் இழப்பையும் ஒப்பிடுகிறது. அந்த இழப்புக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதற்கு ஒரு 'மரியாதை' எண்ணும் உண்டு. சுழியம் வைத்தால் முழுச் சுயநலம்.

சிமுலேஷன்கள் சறுக்குவது பெரும்பாலும் கட்டாய மாற்றத்தில். உண்மையான ஓட்டுநர்கள் இண்டிகேட்டர் போட்டு, மூக்கை நுழைத்து, பின்னால் இருப்பவர் விட்டுக்கொடுக்க, எப்படியோ சேர்ந்துவிடுவார்கள். கணினிக் கார் போதிய இடைவெளிக்காக லேன் முனையில் நின்றே கிடக்கும். சூமோவில் இப்படி 300 விநாடிகள் சிக்கிய வாகனத்தை மென்பொருளே தூக்கி, வழியில் இடமுள்ள இன்னொரு சாலைத்துண்டில் வைத்துவிடும். நாமாக மாற்றாத வரை அதுவே அதன் இயல்பு அமைப்பு. எத்தனை வாகனங்கள் இப்படித் தூக்கப்பட்டன என்ற எண்ணிக்கை வெளியீட்டில் இருக்கும். புதியவர்கள் அதைப் பார்ப்பதில்லை. கணிசமான வாகனங்கள் காற்றில் பறந்திருந்தால் அந்தச் சாலையில் நெரிசல் இல்லாததில் வியப்பில்லை.

11. லேனையே மதிக்காத நம் ஊர் சாலைகளுக்கு இதெல்லாம் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. மேலே சொன்ன விதிகள் எல்லாம், ஒருவருக்கு முன்னால் ஒரே ஒரு வாகனம்தான் இருக்கிறது என்று கருதுகின்றன. நம் சாலையில் ஒரு பேருந்துக்கு முன்னால் ஒரு ஆட்டோவும் இரண்டு பைக்குகளும் பக்கம் பக்கமாகப் போகும். பக்கவாட்டு இடைவெளியும் வேகத்தைக் கட்டுப்படுத்தும். இதற்காகவே லேன் என்ற பிரிவை விட்டுவிட்டு, சாலையின் முழு அகலத்தையும் ஒரே பரப்பாகக் கொண்டு வாகனங்களை வைக்கும் ஹெட்டரோசிம் என்ற மாதிரி சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாக்கப்பட்டது. சூமோவிலும் லேனை மெல்லிய உள்பட்டைகளாகப் பிரிக்கும் வசதி உண்டு. இந்தியச் சாலைகளுக்கென அளந்த கொள்திறன் மதிப்புகள் 2017-இல் வெளியான இந்திய நெடுஞ்சாலைக் கொள்திறன் கையேட்டில் கிடைக்கின்றன.

இருசக்கர வாகனங்கள் அனுமதிக்கப்படாத, நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட விரைவுச்சாலையில் சிக்கல் பெருமளவு குறையும். நடுவே திறப்புகளும் எதிர்த்திசையில் வரும் பைக்குகளும் உள்ள நான்கு வழிச்சாலையை ஐரோப்பிய இயல்பு மதிப்புகளோடு ஓட்டிவிட்டு, அதன் பயண நேரத்தை அறிக்கையில் போடுவது பொறியியல் ஆகாது.

12. அளவுத்திருத்தம் என்கிறார்கள். விடை சரியாக வரும்வரை எண்களைத் தட்டித் தட்டிப் பொருத்துவதற்குப் பெயர்தானே அது?

ஒரு நாளின் தரவைக் கொண்டு எண்களைப் பொருத்திவிட்டு, அதே நாளின் தரவோடு ஒப்பிட்டு 'பொருந்துகிறது' என்றால், நீங்கள் சொல்வது சரி. பொருத்திய எண்களைத் தொடாமல் வேறொரு நாளின் தரவோடு ஒப்பிட்டால்தான் அது சோதனை. ஓட்டுநர் நடத்தையை அளக்க, கலிஃபோர்னியாவின் ஐ-80, யு.எஸ்.-101 ஆகிய சாலைகளில் 2005-இல் கேமராக்கள் வழியாக விநாடிக்குப் பத்து முறை ஒவ்வொரு வாகனத்தின் இடத்தையும் பதிந்த என்ஜிசிம் தரவு பலராலும் பயன்படுத்தப்படுகிறது. அதிலும் படத்திலிருந்து இடத்தைக் கணித்ததில் ஏற்பட்ட பிழைகளால், எந்தக் காராலும் எட்ட முடியாத முடுக்கங்கள் ஆங்காங்கே இருக்கின்றன. சுத்தம் செய்யாமல் பயன்படுத்தக் கூடாது.

அறிக்கைகளில் அடிக்கடி வரும் ஜி.இ.எச். என்ற அளவைப் பற்றியும் ஒரு சொல். இரு எண்ணிக்கைகளின் வேறுபாட்டை வர்க்கப்படுத்தி, அவற்றின் சராசரியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் அது கிடைக்கும். 5-க்குக் கீழே இருந்தால் ஏற்கத்தக்கது என்பது வழக்கம். களத்தில் 1800, கணினியில் 2000 என்றால் மதிப்பு 4.6, தேர்ச்சி. ஆனால், கேள்வி 2-இல் கண்டபடி, அதே 1800 சுகமான ஓட்டமாகவும் இருக்கலாம், ஊர்தலாகவும் இருக்கலாம். வேகத்தையும் வரிசை நீளத்தையும் ஒப்பிடாமல் ஜி.இ.எச். அட்டவணையை மட்டும் காட்டுபவரிடம் மற்ற இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

13. ஒரே கோப்பை மறுபடி ஓட்டினால் வேறு விடை வருகிறது. நிரலில் பிழையா?

பிழையன்று. வாகனங்கள் நுழையும் நேரம், ஓட்டுநரின் குணம், கேள்வி 5-இல் உள்ள மூன்றாம் விதி ஆகியவை எல்லாம் சமவாய்ப்பு எண்களைச் சார்ந்தவை. அந்த எண்வரிசையைத் தொடக்கிவைக்கும் விதை எண்ணை மாற்றினால் விடை மாறும். மாற்றாவிட்டால் அச்சுப் பிசகாமல் அதே விடை வரும். விடை மாறாததே ஆபத்து. ஒரே விதையில் ஒருமுறை ஓட்டி எடுத்த பயண நேரத்தைத் தசமத்தோடு அச்சிட்டுவிடுகிறார்கள். பல விதைகளில் ஓட்டி, சராசரியோடு பரவலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாலை கொள்திறனை நெருங்கும்போது இந்தப் பரவல் விரியும், சாலையிலும் அப்படித்தான்.

14. லேனைக் கூட்டினால் சிமுலேஷனில் நெரிசல் குறைகிறது. கட்டி முடித்த பிறகு ஏன் குறைவதில்லை?

சிமுலேஷனுக்கு நீங்கள் கொடுத்த வாகன எண்ணிக்கை மாறாதது. சாலை அகலமானதும் புதிதாக வருபவர்கள் அதில் இல்லை. மேலும், நெரிசல் முனையை அகலப்படுத்தினால் அங்கே தேங்கியிருந்த வாகனங்கள் அடுத்த குறுகலுக்குப் போய்ச் சேரும். உங்கள் வரைபடம் அந்தக் குறுகலுக்கு முன்பே முடிந்துவிட்டால், அது உங்களுக்குத் தெரியாமலே போகும். ஒரு வழியைக் கூடுதலாகத் திறப்பதே எல்லாருடைய பயண நேரத்தையும் கூட்டக்கூடும் என்பதை 1968-இலேயே டீட்ரிச் பிராஸ் என்ற கணிதவியலாளர் நிறுவியிருக்கிறார்.

15. தானாக ஓடும் கார்கள் வந்துவிட்டால் இந்த நெரிசல் அலைகள் ஒழிந்துவிடுமா?

ஒழியவும் கூடும், பெருகவும் கூடும். எந்த விதிப்படி ஓடுகின்றன என்பதைப் பொறுத்தது. அரிசோனாவில் நடத்தி 2018-இல் வெளியிட்ட சோதனையில், சுமார் 20 கார்கள் சுற்றும் வட்டப் பாதையில் ஒரே ஒரு காரைக் கணினிக் கட்டுப்பாட்டில் நிதானமாக ஓட்டியபோது, அலைகள் தணிந்தன. முன்னால் இடைவெளி விழுந்ததும் பாய்ந்து நிரப்பாமல், சராசரி வேகத்தைப் பிடித்துச் சென்றதுதான் அந்தக் கார் செய்த வேலை. மாறாக, விற்பனையில் இருந்த தானியங்கி வேகக் கட்டுப்பாட்டுக் கார்களில் ஏழு மாடல்களைச் சோதித்து 2020-இல் வெளியான ஆய்வில், ஏழுமே முன்காரின் தடுமாற்றத்தைப் பெருக்கிப் பின்னால் அனுப்பின. 'தானியங்கி' என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நெரிசல் இத்தனை விழுக்காடு குறையும் என்று எழுதப்படும் அறிக்கைகளில், கேள்வி 9-இல் சொன்ன நேர இடைவெளியைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அது மனிதருக்கு வைத்ததைவிடக் குறைவாக வைக்கப்பட்டிருக்கும். ஆதாயம் முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது.

16. இன்னும் ஒரு மணி நேரத்தில் எங்கே நெரிசல் வரும் என்று இதை வைத்து முன்கூட்டியே சொல்லிவிட முடியாதா?

ஓரளவு முடியும். ஜெர்மனியின் நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில், சாலைக்கடியில் பதித்த உணர்கருவிகளின் எண்ணிக்கையை உடனுக்குடன் வாங்கி, கேள்வி 5-இல் உள்ள மாதிரியின் மேம்பட்ட வடிவத்தால் ஆட்டோபான் என்னும் விரைவுச்சாலைகளின் வலையமைப்பு முழுவதையும் ஓட்டி, அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு முன்னறிவிப்பு வெளியிட்டார்கள். வழக்கமான காலை நெரிசலுக்கு இது உதவும். விபத்தை எந்த மாதிரியும் முன்னறியாது. விபத்து நடந்த பின் வரிசை எவ்வளவு நீளும் என்பதைத்தான் சொல்லும்.

இதைவிடச் சிக்கலானது, முன்னறிவிப்பைப் படித்தவர்கள் என்ன செய்வார்கள் என்பது. ஒரே ஊருக்கு இரண்டு வழிகள் இருந்து, எது விரைவானது என்று பலகையில் காட்டினால், எல்லாரும் அதில் திரும்புவார்கள். பலகை காட்டும் பயண நேரமோ, சற்றுமுன் அந்த வழியைக் கடந்து முடித்தவரின் நேரம். இப்போது நுழைந்து கொண்டிருக்கும் கூட்டம் அதில் சேரவில்லை. அது சேர்வதற்குள் அந்த வழி அடைத்துக்கொள்ளும், பலகை மற்ற வழிக்கு மாறும், கூட்டமும் மாறும். பயண நேரத்துக்குப் பதிலாக, அந்த வழியில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வாகனங்களின் சராசரி வேகத்தைக் காட்டினால் இந்த ஊசலாட்டம் குறைவதாகச் சிமுலேஷன்கள் காட்டுகின்றன. அந்த எண் பழையதாவதில்லை என்பதே காரணம்.